எம்மைப் பற்றிய எண்கள் சரியாக இருக்கின்றனவா?

சில வருடங்களுக்கு முன்னர் எனது தரம் 10 வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கணிதத்தில் கெட்டிக்காரன். இரண்டாம் தவணை தொடங்கி இரண்டு வாரங்களாகியும் அவன் பாடசாலைக்கு வரவில்லை. விசாரித்தபோது, வாப்பாவுக்குச் சுகமில்லை என்றும், மகன் பக்கத்து நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறான் என்றும் சொன்னார்கள். "கொஞ்ச நாளைக்குத்தான் சேர், பிறகு அனுப்புறோம்" என்றார் அவனது உம்மா. நானும் நம்பினேன். இடாப்பிலிருந்து அவனது பெயரை வெட்டவில்லை.

அந்த வருடப் பாடசாலைத் தொகைமதிப்புப் படிவம் வந்தது. எனது வகுப்பு மாணவர் தொகையைக் கேட்ட கட்டத்தில் 34 என்று எழுதினேன். உண்மையில் வகுப்பில் இருந்தவர்கள் 33 பேர். எண்ணிக்கை குறைந்தால் வகுப்புப் பிரிவு ஒன்று போய்விடும், ஓர் ஆசிரியரை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயம் எங்கள் எல்லோரிடமும் இருந்தது. அப்படி எழுதுமாறு யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இரண்டு வருடங்கள் கழித்து, இடைவிலகிய பிள்ளைகளை மீண்டும் பாடசாலைக்குக் கொண்டுவரும் வேலைத்திட்டம் ஒன்று எங்கள் பகுதிக்கு வந்தது. இடைவிலகல் அதிகமுள்ள பாடசாலைகளைத் தெரிவு செய்தார்கள். அந்தப் பட்டியலில் எங்கள் பாடசாலையின் பெயர் இல்லை. அதிபரும் நாங்களும் கோபப்பட்டோம். "எங்களை எப்போதும் புறக்கணிக்கிறார்கள்" என்று பேசிக்கொண்டோம். அன்றிரவு வீட்டில் யோசித்தபோதுதான் விளங்கியது. எங்கள் பாடசாலையில் இடைவிலகல் இல்லையென்று அரசாங்கத்துக்குச் சொன்னது நாங்கள்தான். அதில் ஓர் எண் எனது கையெழுத்தில் இருந்தது.

அரச புள்ளிவிபரம் என்றால் கொழும்பில் யாரோ கணினியில் தயாரிக்கும் தடித்த புத்தகம் என்றுதான் எம்மில் பலர் நினைக்கிறோம். அது வகுப்பறை இடாப்பிலும், கிராம உத்தியோகத்தரின் பதிவிலும், எங்கள் வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்பவருக்கு நாம் சொல்லும் பதிலிலும் ஆரம்பிக்கிறது. அந்த எண்களைக் கொண்டுதான் எத்தனை ஆசிரியர்கள், எத்தனை பாடநூல்கள், எத்தனை கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை, எந்த வீட்டுக்கு உதவிப் பணம் என்பதெல்லாம் தீர்மானிக்கப்படுகின்றன. எண் பிழைத்தால் நல்ல எண்ணத்துடன் எடுக்கப்படும் முடிவும் பிழைக்கிறது. இந்தக் கட்டுரையில் எமது நாட்டின் எண்கள் எங்கெங்கே பலவீனமாக இருக்கின்றன, அவற்றைச் சீராக்க அரசாங்கமும் நாமும் என்ன செய்யலாம் என்பதை ஒரு கணித ஆசிரியன் என்ற வகையில் எனக்குத் தெரிந்தளவில் விளக்க முயல்கிறேன்.

எண்ணப்படாத முப்பது வருடங்கள்

இலங்கையில் நவீன முறையிலான முதலாவது சனத்தொகைக் கணக்கெடுப்பு 1871ஆம் ஆண்டு நடைபெற்றது. அப்போது நாட்டின் சனத்தொகை சுமார் 24 இலட்சம். அதன் பின்னர் பெரும்பாலும் பத்து வருடங்களுக்கு ஒருமுறை எண்ணி வந்தோம். 1981இல் ஏறத்தாழ 1 கோடியே 48 இலட்சம் பேர் இருந்தோம். அதன் பின்னர் யுத்தம். 1991இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 2001இல் நடைபெற்றபோது 25 மாவட்டங்களில் 18இல் மாத்திரமே அது முழுமையாக நிறைவேறியது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய ஏழு மாவட்டங்களும் அதற்கு வெளியே நின்றன. நாடு முழுவதையும் மீண்டும் எண்ண முடிந்தது 2012இல்தான். அப்போது 2 கோடியே 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தோம்.

1981 முதல் 2012 வரை 31 வருடங்கள். அந்தக் காலத்தில் மூதூரிலோ காத்தான்குடியிலோ பிறந்த ஒருவர் பாடசாலை முடித்து, திருமணம் செய்து, பிள்ளைகளைப் பெற்று, அந்தப் பிள்ளைகளையும் பாடசாலைக்கு அனுப்பத் தொடங்கியிருப்பார். அவ்வளவு காலமும் அந்த மாவட்டங்களுக்கான திட்டங்கள் மதிப்பீடுகளின் மீதே நின்றன. யுத்தம் அழித்தவற்றைப் பற்றிப் பேசும்போது வீடுகளையும் பாலங்களையும் சொல்கிறோம். தரவுகளும் அழிந்தன என்பதைச் சொல்வதில்லை.

அடுத்த கணக்கெடுப்பு 2024இல் நடைபெற்றது. இது இலங்கையின் 15ஆவது கணக்கெடுப்பு. கொவிட் தொற்றும் பொருளாதார நெருக்கடியும் இதையும் தாமதப்படுத்தின. 2025 ஏப்ரலில் வெளியான ஆரம்ப அறிக்கையின்படி நாட்டின் சனத்தொகை 21,763,170. சனத்தொகையின் வருடாந்த வளர்ச்சி 0.5 சதவீதம் அளவிலேயே இருந்திருக்கிறது. நாடு வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கிறது என்ற பழைய நினைப்பை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். இன்னும் சில வருடங்களில் பல ஊர்களில் முதலாம் தர வகுப்புகள் சிறுக்கும், முதியோர் தொகை பெருகும். எந்த ஊரில் இது எப்போது நிகழும் என்பதை எண்ணினால் மாத்திரமே முன்கூட்டி அறிய முடியும்.

ஒரே வருடம், இரண்டு வறுமை

எண்ணுவது ஒரு வேலை. எதை எண்ணுவது என்று தீர்மானிப்பது அதைவிடக் கடினமான வேலை. மாணவர்களுக்கு விளங்கப்படுத்த நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் வறுமை வீதம்.

2016இல் இலங்கையில் எத்தனை சதவீதத்தினர் ஏழைகள்? அப்போது வெளியான உத்தியோகபூர்வ விடை 4.1 சதவீதம். இன்று அதே திணைக்களத்தின் அட்டவணையைப் பார்த்தால் 2016க்கு 11.9 சதவீதம் என்றிருக்கும். இரண்டும் ஒரே வருடத்துக்குரியவை, ஒரே மக்களைப் பற்றியவை. நடந்தது இதுதான். முதலாவது எண் 2002ஆம் ஆண்டின் வாழ்க்கை முறையை அடிப்படையாகக் கொண்ட வறுமைக் கோட்டின்படி கணிக்கப்பட்டது. பின்னர் 2012/13ஐ அடிப்படையாக வைத்துக் கோடு புதுப்பிக்கப்பட்டது. கோடு உயர்ந்ததும், முன்பு ஏழையல்லாத பல இலட்சம் பேர் ஏழைகளாகினர். அவர்களது வீட்டுச் சோற்றுப் பானையில் எந்த மாற்றமும் இல்லை. புதிய கோட்டின்படி 2019இல் வறுமை 14.3 சதவீதம். அதாவது ஒருவரின் மாதச் செலவு 6,966 ரூபாவுக்குக் குறைவாக இருந்தால் அவர் வறியவர்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்று கேட்காமல் எண்ணை மட்டும் தூக்கிப் பிடிப்பவர், ஆளும் கட்சிக்காரராயினும் எதிர்க்கட்சிக்காரராயினும், எங்களை ஏமாற்றிவிட முடியும்.

வேலையின்மையும் அப்படித்தான். 2023இல் வேலையின்மை வீதம் 4.7 சதவீதம் என்றபோது, "எங்கள் ஊரில் பாதி இளைஞர்கள் சும்மாதானே இருக்கிறார்கள்" என்று சிரித்தவர்கள் உண்டு. தொழிற்படை ஆய்வின் வரைவிலக்கணப்படி, குறிப்பிட்ட வாரத்தில் ஒரு மணித்தியாலமேனும் வேலை செய்தவர் வேலையுள்ளவர். குடும்பக் கடையில் சம்பளமின்றி நின்றாலும் அது வேலைதான். வேலை தேடுவதையே கைவிட்டவர் வேலையற்றோர் கணக்கில் வருவதில்லை. அவர் தொழிற்படைக்கு வெளியே போய்விடுகிறார். வேலை தேடாமல் வீட்டிலிருக்கும் எங்கள் பட்டதாரிப் பெண்களும் அந்த 4.7இற்குள் இல்லை. அதே வருடம் பெண்களில் தொழிற்படையில் இருந்தவர்கள் 31.3 சதவீதம் மாத்திரமே. எங்கள் வீடுகளுக்குள் இருக்கும் உண்மை நிலையை இரண்டாவது எண்ணே காட்டுகிறது. செய்திகளில் வருவதோ முதலாவது.

பணவீக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. நாடு முழுவதற்குமான தேசிய சுட்டெண்ணின்படி அது 73.7 சதவீதம். கொழும்பு நகர்ப்புறத்தவரின் கூடைக்கும் கிராமத்தவரின் கூடைக்கும் இடையே அவ்வளவு வித்தியாசம். பிறகு பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது என்று அறிவித்தபோது, மீன் வியாபாரியுடன் சண்டைபிடித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். பணவீக்கம் குறைந்தால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் அர்த்தம். ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நிற்கும்.

சராசரிக்குள் மறைந்துபோகும் ஊர்கள்

2019இல் தேசிய வறுமை வீதம் 14.3 என்றேன். அதற்குள்ளே கொழும்பு மாவட்டத்தில் 2.3, முல்லைத்தீவில் 44.5. பெருந்தோட்டத் துறையில் 33.8. இவற்றையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் கலக்கினால்தான் 14.3 வருகிறது. ஒரு காலைக் கொதிநீரிலும் மற்றக் காலைப் பனிக்கட்டியிலும் வைத்திருப்பவனுக்குச் சராசரி வெப்பம் இதமானது என்று சொல்வது போன்றது அது.

மாவட்டச் சராசரியும் அப்படித்தான். எனது அம்பாறை மாவட்டத்தையே எடுங்கள். 2012 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்களில் 43 சதவீதத்துக்கும் அதிகமானோர் முஸ்லிம்கள்; அவர்களில் பெரும்பாலோர் கரையோரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறார்கள். உள்நாட்டிலோ பரந்த வயல்களும் குடியேற்றத் திட்டங்களும் காடும் இருக்கின்றன. கரையோரத்துக்குக் காணி இல்லை, உள்நாட்டுக்கு பஸ் இல்லை, யானைத் தொல்லை வேறு. இரண்டு பகுதிகளின் பிரச்சினைகளையும் ஒரே மாவட்ட எண் சொல்ல முடியாது.

வீட்டு வருமான செலவின ஆய்வு நாடு முழுவதும் சுமார் 25,000 வீடுகளைத் தெரிவு செய்து நடத்தப்படுகிறது. நல்ல மாதிரி எடுப்புதான். ஆனால் 25 மாவட்டங்களுக்குப் பகிர்ந்தால் ஒரு மாவட்டத்துக்குச் சராசரியாக ஆயிரம் வீடுகள். அதை வைத்து மாவட்டத்தைப் பற்றிப் பேசலாம். ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவைப் பற்றிப் பேச முடியாது. இதற்கு ஒரு வழி உண்டு. ஆய்வில் கிடைக்கும் வருமான விபரத்தையும் கணக்கெடுப்பில் கிடைக்கும் வீட்டு விபரத்தையும் இணைத்து, சிறிய பிரதேசங்களுக்கான வறுமையை மதிப்பிடலாம். 2012 கணக்கெடுப்பின் பின்னர் பிரதேச செயலகப் பிரிவு மட்டத்தில் இப்படியான வறுமை வரைபடம் இங்கே தயாரிக்கப்பட்டது. 2024 கணக்கெடுப்பைக் கொண்டும் அதைச் செய்ய வேண்டும். அது எங்கள் பிரதேச சபை உறுப்பினர் கைக்கும் போய்ச் சேர வேண்டும்.

எங்கே எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் குடும்பங்களில் பல இன்று புத்தளத்தில் ஒரு காலும் மன்னாரில் ஒரு காலுமாக வாழ்கின்றன. பிள்ளைகளின் பாடசாலை புத்தளத்தில், காணியும் கபுரஸ்தானும் மன்னாரில். கணக்கெடுப்பு ஒருவரை அவர் வழமையாக வசிக்கும் இடத்தில் எண்ணுகிறது. கணக்கெடுப்பின் நோக்கில் அது நியாயமான விதி. ஆனால் விளைவைப் பாருங்கள். மன்னாரின் அந்தக் கிராமத்தில் ஆட்கள் குறைவு என்று பதிவாகிறது. ஆட்கள் குறைவென்றபடியால் பாடசாலைக்கு ஆசிரியர் இல்லை, ஆஸ்பத்திரிக்கு டொக்டர் இல்லை. அவை இல்லாதபடியால் குடும்பங்கள் திரும்பி வருவதில்லை. அடுத்த முறையும் ஆட்கள் குறைவென்றே பதிவாகும். "வசதி இருந்தால் திரும்பி வருவீர்களா?" என்ற கேள்வியைக் கேட்கும் தனியான ஆய்வொன்று நடந்தால்தான் இந்த வட்டம் உடையும்.

வெள்ளம் வந்தபோது கையிலிருந்த பழைய வரைபடம்

நெருக்கடி உச்சத்திலிருந்த 2022ஐ நினைத்துப் பாருங்கள். எரிவாயு வரிசை, எண்ணெய் வரிசை, பால்மா வரிசை. எத்தனை குடும்பங்கள் வறுமைக்குள் விழுந்துவிட்டன என்று அரசாங்கம் அறிய வேண்டிய நேரம் அது. கையிலிருந்த உத்தியோகபூர்வ வறுமை வீதம் 2019க்குரியது. அதனால் ஒவ்வொருவரும் தத்தமது மதிப்பீட்டைச் சொன்னார்கள். உலக வங்கி நான்கில் ஒருவர் அளவில் என்று மதிப்பிட்டது. லேர்ன் ஏசியா நிறுவனம் 2023இல் நடத்திய ஆய்வு 31 சதவீதம், அதாவது 70 இலட்சம் பேர் என்றது. அளந்த முறைகள் வேறு, கோடுகள் வேறு. எதைச் சரியென்று கொள்வது?

அந்தச் சூழலில்தான் 2023இல் அஸ்வெசும வந்தது. சமுர்த்தியில் அரசியல் செல்வாக்கு புகுந்துவிட்டது, தகுதியில்லாதவர்கள் வாங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு நெடுங்காலம் இருந்தது. அதனால் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துகள், வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளியிட்டு, வறியோரைத் தெரிவு செய்யும் முறை கொண்டுவரப்பட்டது. ஆளைப் பார்க்காமல் தரவைப் பார்த்துக் கொடுப்பது என்ற எண்ணம் சரியானது. ஆனால் முதற் பட்டியல் வெளியானதும் முறையீடுகளும் ஆட்சேபனைகளும் இலட்சக்கணக்கில் குவிந்தன. பிரதேச செயலகங்களுக்கு முன்னால் வெயிலில் நின்ற தாய்மாரை நாம் கண்டோம்.

இப்படியான எந்த முறையிலும் இரண்டு விதமான தவறுகள் நேரும். உரியவர் விடுபடுவது ஒன்று, உரியவரல்லாதவர் உள்ளே வருவது மற்றொன்று. ஒன்றைக் குறைக்க விதியை இறுக்கினால் மற்றது கூடும். முழுமையாக இரண்டையும் ஒழித்த நாடு இல்லை. குறைத்த நாடுகள் உண்டு. தரவை அடிக்கடி புதுப்பிப்பதும், முறையீட்டை விரைவாக விசாரிப்பதும், புள்ளி எப்படிப் போடப்பட்டது என்பதைக் குடும்பத்துக்கு விளங்கும் மொழியில் சொல்வதும்தான் அதற்கான வழி. கணவன் மௌத்தாகி மூன்று மாதமான ஒரு பெண்ணுக்கு, கணவன் உழைத்த காலத்து மின்கட்டணத்தை வைத்துப் புள்ளி போட்டால் அந்தப் புள்ளி யாருக்கு உதவும்?

குரங்குக் கணக்கும் ஒரு பாடமும்

2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி முதல் 8.05 வரை நாடெங்கும் பயிர்களைச் சேதப்படுத்தும் குரங்கு, மர அணில், மயில் என்பவற்றை எண்ணியது நினைவிருக்கும். சமூக வலைத்தளங்களில் பெரிய பகிடியாகிப் போனது. நான் அதைப் பாடமாக எடுத்தேன். ஐந்து நிமிடம் என்று ஏன் வைத்தார்கள் என்று மாணவர்களிடம் கேட்டேன். ஒரு மாணவி சரியாகச் சொன்னாள்: "கன நேரம் எண்ணினா ஒரே குரங்கை ரெண்டு வீட்டாரும் எண்ணிடுவாங்க சேர்." அடுத்தது ஒரு பையன் கேட்டான்: "அந்த நேரம் மதில்ல நிண்ட மயில ரெண்டு வீட்டாரும் பார்த்திருந்தா?" அதுவும் சரிதான். காட்டுக்குள் இருப்பவற்றை யார் எண்ணுவது, நஷ்டஈடு கிடைக்கும் என்று நினைத்தவர் கூட்டி எழுதமாட்டாரா என்றும் கேள்விகள் வந்தன.

பதினைந்து வயதுப் பிள்ளைகள் கேட்ட அந்தக் கேள்விகளைத்தான் எல்லா அரச புள்ளிவிபரங்களிடமும் நாம் கேட்க வேண்டும். யார் எண்ணினார்? எப்படி? இரட்டிப்பாக எண்ணப்பட்டதா? விடுபட்டவர் யார்? கூட்டியோ குறைத்தோ சொல்வதால் யாருக்கு லாபம்? விவசாயியின் சேதத்தை அளக்க வேண்டும் என்ற நோக்கம் தவறில்லை. முறை பலவீனமாக இருந்தால் நோக்கமும் சேர்ந்து கேலிக்குள்ளாகிறது.

எண்ணைக் கண்டு பயப்படும் சமூகம்

எமது சமூகத்துக்கு எண்களுடன் ஒரு கசப்பான உறவு இருக்கிறது. முஸ்லிம்கள் பெருகுகிறார்கள், நாட்டைப் பிடிக்கப் போகிறார்கள் என்ற பிரசாரத்தை வருடக்கணக்காகக் கேட்டோம். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலந்தார்கள் என்று வதந்தி பரப்பித் தாக்கினார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக்கட்டி என்று தெரியவந்தது. அதற்குள் கடைகளும் பள்ளிவாசலும் சேதமாகிவிட்டன.

இப்படியான அனுபவங்களால், கணக்கெடுக்க வருபவரைக் கண்டால் "இதெல்லாம் ஏன் கேட்கிறார்கள்" என்று தயங்குகிறோம். வீட்டில் எத்தனை பேர், யார் வெளிநாட்டில், என்ன வருமானம் என்பதை மறைக்கிறோம். ஆனால் அந்தப் பிரசாரத்துக்குப் பதில் எங்கே கிடைத்தது? அதே கணக்கெடுப்பில்தான். 1981இல் முஸ்லிம் சோனகர் 7.05 சதவீதம், 2012இல் 9.3 சதவீதம். இதை மட்டும் காட்டிப் பயமுறுத்துவார்கள். சிங்கள மக்களின் பங்கு 1981இல் ஏறத்தாழ 74 சதவீதம், 2012இல் 74.9 சதவீதம் என்ற அடுத்த வரியைக் காட்டமாட்டார்கள். அந்தக் காலத்தில் பெரும்பான்மையின் பங்கு குறையவேயில்லை. குறைந்தது தமிழ் மக்களின் பங்குதான். யுத்தமும் புலம்பெயர்வும் அதற்குப் பெரும் காரணங்கள். முழு அட்டவணையையும் வாசிக்கத் தெரிந்தவரிடம் அரை எண்ணைக் கொண்டு வர முடியாது.

எண்ணாமல் விடுவது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் லெபனானைப் பார்க்க வேண்டும். மதப் பிரிவுகளின் விகிதம் அரசியல் அதிகாரப் பகிர்வுடன் பிணைக்கப்பட்டிருப்பதால், அங்கே 1932க்குப் பின்னர் உத்தியோகபூர்வ சனத்தொகைக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அதனால் சண்டை நின்றதா? ஒவ்வொரு தரப்பும் தனக்குப் பிடித்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. எமது மேடைகளில் எமது தொகையைக் கூட்டிச் சொல்லிப் பெருமைப்படுபவர்களும் இருக்கிறார்கள். கணக்கெடுப்பில் இனத்துக்கு ஒரு நிரலும் மதத்துக்கு ஒரு நிரலும் இருக்கின்றன. 2012இல் சோனகர் 9.3, இஸ்லாமியர் 9.7 சதவீதம். மலாயர் உள்ளிட்ட ஏனைய முஸ்லிம்கள் அந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள். இதைக்கூடப் பிரித்தறியாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னால், எம்மைப் பற்றிப் பொய் சொல்பவர்களைக் கண்டிக்கும் தகுதி எமக்கு எங்கிருந்து வரும்?

அரசாங்கம் செய்ய வேண்டியவை

முதலாவது சட்டம். இன்றும் எமது தொகைமதிப்புக் கட்டளைச்சட்டத்தின் வேர் 1900ஆம் ஆண்டில் இருக்கிறது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் ஓர் அமைச்சின் கீழ் இயங்குகிறது. அங்கு திறமையான அதிகாரிகள் இருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கணக்காய்வாளர் நாயகத்துக்கும் தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கும் இருப்பது போன்ற சுயாதீனம் எண்களைத் தயாரிப்பவர்களுக்கும் வேண்டும். ஆர்ஜென்டீனாவில் 2007க்குப் பின்னர் புள்ளிவிபர நிறுவனத்தில் அரசியல் தலையிட்டது. பணவீக்கம் குறைத்துக் காட்டப்பட்டது. 2013இல் சர்வதேச நாணய நிதியம் அந்த நாட்டைக் கண்டித்தது. உள்நாட்டு மக்களோ அதற்கு வெகு முன்னரே அந்த எண்களை நம்புவதை நிறுத்தியிருந்தார்கள்.

இரண்டாவது, காலம். எந்த அறிக்கை எந்தத் திகதியில் வெளியாகும் என்பதை முன்கூட்டியே அறிவித்து, நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ அதே திகதியில் வெளியிட வேண்டும். பெரிய ஆய்வுகளுக்கு இடையில், நெருக்கடிக் காலங்களில் விரைவாக நடத்தக்கூடிய சிறிய ஆய்வுகளும் வேண்டும்.

மூன்றாவது, மொழி. மும்மொழியிலும் ஒரே நாளில், ஒரே முழுமையுடன் வெளியாக வேண்டும். வீட்டு வாசலுக்கு வருபவரும் வீட்டாரின் மொழி தெரிந்தவராக இருக்க வேண்டும். தமிழ் பேசும் வீட்டில் சிங்களத்தில் கேட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளை மொழிபெயர்த்து எழுதப்படும் பதிலின் தரத்தைச் சொல்லத் தேவையில்லை.

நான்காவது, பதிவேடுகள். பிறப்பு, இறப்பு, பாடசாலை, வைத்தியசாலை, நலன்புரி என ஒவ்வொரு அலுவலகமும் ஒரே குடும்பத்தை வேறுவேறாகப் பதிகிறது. இவை ஒன்றோடொன்று பேசினால், இடாப்பில் மட்டும் இருக்கும் பிள்ளையை யாராவது கண்டுபிடிப்பார்கள். அதேவேளை அந்த இணைப்பு மக்களைக் கண்காணிக்கும் கருவியாகிவிடக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தனிநபர் விபரம் புள்ளிவிபரத்துக்காக எடுக்கப்பட்டால் பொலிஸுக்கோ வரித் திணைக்களத்துக்கோ போகாது என்ற உறுதி நடைமுறையில் தெரிய வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாமல் எங்கள் உம்மாமார் உண்மையான பதிலைச் சொல்லமாட்டார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

அரசாங்கத்தைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். எமது பள்ளிவாசல் நிர்வாகங்களில் பெரும்பாலானவற்றிடம் மஹல்லாக் குடும்பப் பதிவேடு இருக்கிறது. சந்தாவுக்கும் கந்தூரிக்கும் மட்டும் பாவிக்கிறோம். எத்தனை பிள்ளைகள் பாடசாலை போகவில்லை, எத்தனை விதவைகள், எத்தனை மாற்றுத்திறனாளிகள் என்பதை வருடத்துக்கு ஒருமுறை கௌரவத்தைக் காத்துச் சேகரித்தால், ஸகாத்தைப் பகிரவும் உதவும், அரசாங்கத்தின் எண்ணுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்கள் கையில் இருக்கிறது. எனது வலயத்தில் கணித ஆசிரியர் வெற்றிடம் எத்தனை, எனது பிரதேசத்தில் எத்தனை அஸ்வெசும முறையீடுகள் தீர்க்கப்பட்டன என்று எழுத்தில் கேட்கலாம். "எங்களைப் புறக்கணிக்கிறார்கள்" என்ற கூற்றை விட, "பக்கத்துக் கோட்டத்தில் 40 மாணவருக்கு ஓர் ஆசிரியர், இங்கே 70க்கு ஒருவர்" என்று காட்ட முடிந்தால் அந்தக் கடிதத்தைக் கிடப்பில் போடுவது கஷ்டம்.

கணக்கெடுக்க வருபவருக்கு உண்மையைச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, படிவத்தில் உண்மையை எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை எனக்கே முதலில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு இடாப்பு குறிக்கக் கற்றுத் தந்த விரிவுரையாளர், சிவப்பு மையில் ஒரு வட்டம் போட முன்னர் அந்தப் பிள்ளை இன்று எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள் என்பார். அப்போது அதைச் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். சென்ற பெருநாளுக்குத் துணி எடுக்கப் போன கடையில் அந்த மாணவனைக் கண்டேன். இப்போது தாடி வைத்த வாலிபன். 15 சதவீதக் கழிவைக் கல்குலேட்டர் எடுக்காமல் மனதாலேயே கணக்கிட்டுச் சொன்னான். சரியாக இருந்தது. "நல்லா இருக்கீங்களா சேர்?" என்று கேட்டான். சாதாரண தரப் பரீட்சை எழுதவேயில்லை என்று அவனே சொன்னான். கட்டாயக் கல்வி வயதான 16ஐ அவன் எட்டும் வரை, அரசாங்கத்தின் கணக்கில் அவன் எனது வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான்.

இவ்வருடப் படிவத்தில் எனது வகுப்புக்கு 31 என்று எழுதினேன். இடாப்பில் 33 பெயர்கள் இருந்தன. வராத இருவரின் விபரத்தையும் தனித்தாளில் எழுதி அதிபரிடம் கொடுத்தேன். பிரிவு குறைந்துவிடுமோ என்று அவர் யோசித்தார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனாலும் தாளைத் திருப்பித் தரவில்லை, கையொப்பமிட்டு அனுப்பினார்.